நிறம் பூசாத கதவு

காலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். மாசி மாதத்தில் வழக்கமில்லாத மெல்லிய தூறல் விழுந்துகொண்டிருந்தது. சாயப்பட்டறைப் புகைபோக்கிகளுக்கு மேலே வானம் ஊறவைத்த பனியன் துணியைப் போல வெளுப்பும் அழுக்குமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில், திருப்பூரின் தெற்கு ஓரத்தில் கருணாம்பாளுக்குச் சொந்தமான லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்த தமயந்தி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தபோது, நேற்று வரை வாசலுக்கு நேர் எதிரே இருந்த பொதுக் குழாய் வெகுதூரம் தள்ளி நிற்பதைக் கண்டாள். குழாய் நகரவில்லை, வீடுதான் நகர்ந்திருந்தது.

ஒரே சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே தோளோடு தோள் ஒட்டி நின்ற அந்தப் பன்னிரண்டு ஒற்றையறை வீடுகளும், விடிவதற்குச் சற்று முன்பாக, அடுப்பையும் கொடியில் காயாத துணியையும் பாதி எரிந்த கொசுவத்தியையும் அவற்றினிடையே தூங்கிக்கொண்டிருந்த மனிதர்களையும் அப்படியே சுமந்துகொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் தங்களுக்குள் இடம் மாறியிருந்தன. தமயந்தியின் வீடு நின்ற இடத்தில் இப்போது பனியன் கம்பெனி ஓவர்லாக் டெய்லர் லாரன்ஸின் வீடு நின்றது. அவன் கதவைத் திறந்தான், கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்ட குழாயைப் பார்த்தான், "ஒருவகையில சௌரியந்தான்" என்று உள்ளே இருந்த மனைவி ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டுப் பல் துலக்கத் தொடங்கினான்.

முந்தைய நாள் மாலையில் நடந்தது இவ்வளவுதான். செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிற, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த நசீமா, அந்த வரிசையின் கடைசி வீட்டில் குடியிருந்தவள், தமயந்தியின் போனை வாங்கிப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்பதற்குத் தமயந்தியின் கதையைச் சொல்ல வேண்டும். திண்டுக்கல் பக்கத்தில் அவளுடைய கணவன் கோகுலநாதன் கேபிள் டிவி தொழிலில் தொடங்கி இன்டர்நெட் தொழிலுக்கு வளர்ந்தவன். பேக்கரிகளிலும் டீக்கடைகளிலும் பஸ் நிலையத்து ஜூஸ் கடைகளிலும், மாவட்டம் மாவட்டமாக, அவனுடைய இலவச வைஃபை பெட்டிகள் தொங்கின. அவன் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. அவள் எங்கே போனாள், எவ்வளவு நேரம் நின்றாள், எந்தக் கடை வாசலில் யாரோடு பேசினாள் என்பதை இரவுச் சாப்பாட்டின்போது அவளுக்கே சொல்லிக் காட்டுவான், அவ்வளவுதான். முதல் முறை அவள் கரூருக்குத் தப்பிப்போனாள். சிம் கார்டை மாற்றியிருந்தாள். ஆனாலும் அவன் வந்தான். இரண்டாம் முறை பெருந்துறை. அங்கேயும் வந்தான், அவள் வேலை பார்த்த இடத்து முதலாளிக்கு எதிரே உட்கார்ந்து, "கொஞ்சம் மனசு சரியில்லாதவங்க, சார்" என்று சொல்லி அவளை அழைத்துப் போனான். காரில் போகும்போது, "மூணாவது தடவ என்னைத் தேட வெக்காத, தமயந்தி" என்றான். அதன் பிறகு ஒரு வருடம் அவளுடைய கதவு வெளியிலிருந்துதான் பூட்டப்பட்டது. மூன்றாம் முறை தப்பி அவள் வந்து சேர்ந்த ஊர்தான் திருப்பூர்.

"சிம்ம மாத்துனா வெளி நம்பர் மட்டுந்தாங்க்கா மாறும்" என்றாள் நசீமா. "போனைச் செய்யும்போதே உள்ள ஒரு நம்பர் போட்டு அனுப்புவாங்க. வைஃபை ஆன்ல இருந்துச்சுன்னா, வழியில இருக்கற பெட்டிக்கெல்லாம் அந்த நம்பரச் சொல்லிக்கிட்டே போகும்."

"யாரு கேட்டாச் சொல்லும்?"

"யாரும் கேக்க வேண்டாம். அதுவாச் சொல்லும்."

"வாங்கிக் குடுத்தவருக்குத்தான் விசுவாசமா இருக்கு" என்றாள் தமயந்தி.

நசீமா போனின் செட்டிங்ஸுக்குள் போய் ஓரிரு இடங்களில் தட்டினாள். இனி அந்தப் போன் பிறந்த எண்ணைச் சொல்லாது. புதிது புதிதாகப் புனைந்துகொண்ட எண்களைச் சொல்லும். இன்றைக்குச் சொன்னதை நாளைக்குச் சொல்லாது. "பொய்தான். ஆனா யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்" என்றவள், குழாயடியில் நின்றவர்களையும் கூப்பிட்டாள். "எல்லாரும் குடுங்க. ஒரு போன் மட்டும் மாறிக்கிட்டே இருந்தா, மாறிக்கிட்டே இருக்கறது எதுன்னு தேடுறவனுக்குத் தெரிஞ்சு போயிரும். எல்லாம் மாறுனாத்தான் ஒண்ணும் தெரியாது." பன்னிரண்டு வீட்டுப் போன்களும் அன்று மாலை அவள் கையில் ஏறி இறங்கின. மறுநாள் விடியலில் வீடுகள் மாறின. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று சிலர் சொன்னார்கள், பழைய ஓடைப் புறம்போக்கின் மண்ணே அப்படித்தான் என்று சிலர் சொன்னார்கள். காரணத்தை முழுவதும் பேசி முடிக்குமளவுக்குக் கம்பெனி பஸ் யாருக்காகவும் நின்றதில்லை.

ஆகவே லைன் வீட்டார் பழகிக்கொண்டார்கள். பால்காரர் வீட்டைப் பார்த்து ஊற்றுவதை விட்டுவிட்டுப் பாத்திரத்தைப் பார்த்து ஊற்றினார். சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று பெயரைக் கூவினார், எந்தக் கதவிலிருந்து பதில் வருகிறதோ அங்கே உருட்டிக்கொண்டு போனார். சுவரை ஒட்டிய வீட்டோடு தொட்டிலாட்டும் நேரத்துக்கும் டிவிச் சத்தத்துக்கும் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டவர்கள், எதிரி இன்று எந்தச் சுவருக்கு அப்பால் இருக்கிறாள் என்று தெரியாததால், சண்டையைப் பாதியிலேயே மறந்தார்கள். கழிப்பறையை ஒட்டிய மூலை வீட்டின் நாற்றமும், முருங்கை நிழல் விழுகிற வீட்டின் குளிர்ச்சியும் ஆளுக்குக் கொஞ்சமாகக் கிடைத்தன. குழப்பமெல்லாம் கருணாம்பாளுக்குத்தான். லைன் வீடு முழுவதற்கும் அவள் ஒரே வைஃபை பெட்டி போட்டிருந்தாள். அதில் சேர்ந்த போன்களின் எண்ணிக்கையை அவளுடைய மகன் பெங்களூரிலிருந்து பார்த்துவிட்டு அம்மாவைக் கேள்வி கேட்டான்.

"ஏங்கண்ணு நசீமா, பன்னெண்டு வீட்டுல எழுவது எம்பது போனு காட்டுதாமே. எவனெவனுக்குப் பாஸ்வேர்டு குடுத்தீங்க?"

"அத்தனையும் நாங்கதாங்கம்மா. நேத்தைக்கு இருந்த நாங்க, முந்தாநாள் இருந்த நாங்க."

"அப்ப இன்னைக்கு இருக்கற நீங்க?"

"நாளைக்குக் காட்டும்."

கருணாம்பாள் அவளை முறைத்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

காலையில் எளிதாக இருந்தது மாலையில் அப்படி இருக்கவில்லை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து, பஞ்சுத் தூசி அண்டாமல் முகத்தில் சுற்றிய துப்பட்டாவோடும் கம்பெனி கொடுத்த நீல ஓவர்கோட்டோடும் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, அவர்களுடைய கால்களுக்கு வீட்டை அடையுமளவுக்குத்தான் தெம்பிருந்தது, வீட்டைத் தேடுமளவுக்கு இருக்கவில்லை. ஒன்றுபோலவே இருந்த பன்னிரண்டு தகரக் கதவுகளுக்கு முன்னால் அவர்கள் சாவியை ஒவ்வொரு பூட்டாக நுழைத்துப் பார்த்தார்கள். ஒரு மாலை லாரன்ஸ், நாள் முழுவதும் பெடலை மிதித்து மரத்துப்போன காலோடு, திறந்திருந்த ஒரு வீட்டுக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். தட்டில் விழுந்த சோற்றையும் ரசத்தையும் மூடிய கண்ணோடு சாப்பிட்டு முடித்தான். மோர் கேட்டபோதுதான் கண்ணைத் திறந்தான்.

"மோர் இல்லண்ணே" என்றாள் தமயந்தி. "ஸ்டெல்லா வீடு இன்னைக்கு அந்தக் கடைசி."

"முதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்றதுக்குள்ள சாப்பிட ஆரம்பிச்சுட்டீங்க."

களைப்பு இப்படிச் சேர்ந்துகொண்டே போனது. முதலில் லாரன்ஸ், வெட்டிய துணிக்கட்டுகள் கலந்துவிடாமலிருக்கக் கம்பெனியில் ஒட்டுகிற எண் ஸ்டிக்கர் ஒன்றைக் கொண்டுவந்து தன் கதவில் ஒட்டினான். ஒரு நிற வேற்றுமைகூட இல்லாமல் பொருந்த வேண்டிய துணிகளுக்கு எண் ஒட்டி ஒட்டிப் பழகிய கைகள் அங்கே நிறைய இருந்தன. ஒரு வாரத்தில் எல்லாக் கதவுகளிலும் ஸ்டிக்கர் இருந்தது. அது வெயிலில் உரிந்து விழுந்தபோது கருணாம்பாள் மனமிரங்கி, ஹார்டுவேர் கடையிலிருந்து எனாமல் பெயிண்ட் டப்பாக்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வேலை செய்து களைத்து வருகிற சனம் தன் வீட்டைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளட்டும் என்பது அவளுடைய நல்லெண்ணம். மஞ்சள், கிளிப்பச்சை, காவி, ஊதா என்று வீட்டுக்கொரு நிறம். லாரன்ஸின் கதவு சிவப்பாயிற்று. நசீமாவின் கதவு வெளிர்நீலமாயிற்று.

"ஏம்மிணி, உனக்கென்ன கலரு?"

"எனக்கு வேண்டாங்கம்மா. அடையாளம் எதுவும் வேண்டாம்" என்றாள் தமயந்தி.

கருணாம்பாளுக்கு அவளுடைய கதை அரைகுறையாகத் தெரியும். "சரி, உன்ற இஷ்டம்" என்று தூரிகையை மண்ணெண்ணெயில் போட்டாள். அடையாளம் வேண்டாமென்றால் பெயிண்ட் வேண்டாம் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் சரியாகவே தோன்றியது. பதினொரு கதவுகளை அடித்துவிட்டு ஒன்றை விட்டுவிட்டார்கள். நசீமா போன்களைப் பற்றிச் சொன்னது கதவுகளுக்கும் பொருந்தும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, நசீமாவும் நினைக்கவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏற்றுமதி அவசரமென்று தமயந்தியின் கம்பெனியில் பாதி நாள் வேலை வைத்திருந்தார்கள். நண்பகலில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை அணிந்த ஒருவன் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, குழாயடியில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த கருணாம்பாளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டான். கொடுத்தாள். நிதானமாகக் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்தான்.

"தமயந்தினு ஒரு பொண்ணு இங்க இருக்காங்களாம்மா?"

"பன்னெண்டு வீடு, எத்தனையோ சனம். வாராங்க, போறாங்க. நானென்னத்தக் கண்டேன்?"

"சரிதான்" என்றான் கோகுலநாதன். அவனுடைய பார்வை மஞ்சளில் தொடங்கி, கிளிப்பச்சை, காவி என்று ஒவ்வொரு கதவாக நகர்ந்து, வாசலிலிருந்து நான்காவதாக நின்ற வெறும் தகரக் கதவில் வந்து நின்றது. "இந்த ஒரு கதவுக்கு மட்டும் பெயிண்ட் பத்தலைங்களா?"

எந்தக் கேள்விக்கும் வாயடைத்துப் பழக்கமில்லாத கருணாம்பாள் அந்த ஒரு கேள்விக்கு வாயடைத்துப்போனதே அவனுக்குப் போதுமான பதிலாக இருந்தது.

"பரவால்லம்மா. இன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சு களைச்சு வருவா. தூங்கட்டும். காலைல வந்து கூட்டிக்கிறேன்."

மாலையில் குழாயடியில் எல்லோரும் கூடினார்கள். தமயந்தி தன் வீட்டுக்குள் துணிப் பையில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஊரையும் விட்டுப் போவதற்கான களைப்பு அவளுடைய விரல்களில் இருந்தது, ஒரு சேலையை மடிக்க வெகுநேரம் பிடித்தது. நசீமா அவளருகே உட்கார்ந்து போனைத் துருவினாள். எண்தான் நாளுக்கொன்றாக மாறிக்கொண்டிருக்கிறதே, பிறகு எப்படி இந்தத் தெரு வரைக்கும் வந்தான் என்பது அவளுக்குப் புரியவில்லை.

"அக்கா, இது என்ன, தமயந்தி இல்லம்?"

"வீட்டு வைஃபை. வீடு கட்டி முடிச்சப்ப அவரு வெச்ச பேரு. வாசல்லயும் அதே பேருதான், கல்லுல."

"யாருக்கும் தெரியாத மாதிரி மறைச்சு வெச்சிருந்தாரா?"

"ஆமா. அக்கம்பக்கத்துல எவன் போன்லயும் நம்ம வீட்டுப் பேரு வரக் கூடாதும்பாரு."

நசீமாவுக்குப் புரிந்துவிட்டது. வெளியே தெரிகிற பெட்டி தன் பெயரைத் தானே சொல்லும். போன் கேட்டுக்கொண்டால் போதும். மறைத்து வைத்த பெட்டி வாய் திறக்காது. அதைத் தேடிப் போன்தான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தமயந்தியின் போன் ஒவ்வொரு நாளும் வேறொரு எண்ணுக்குள் ஒளிந்துகொண்டு, கம்பெனி வாசலிலும் காய்கறிக் கடையிலும் தெருமுனைப் பேக்கரியில் தொங்கிய கோகுலநாதனின் பெட்டிக்கு எதிரிலும், தமயந்தி இல்லம், தமயந்தி இல்லம் என்று அவளுடைய பெயரையே கூவிக்கொண்டு போயிருந்தது.

"இத அழுத்துங்க்கா" என்று நசீமா காட்டினாள். மறந்துவிடு என்று திரையில் எழுதியிருந்தது. தமயந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரகப்பிரவேசத்தன்று, அந்தப் பெயரைப் படித்தபோது, தான் அழுததை நினைத்துக்கொண்டாள். பிறகு அழுத்தினாள்.

"இவ்வளவுதானா?"

"போனுக்கு இவ்வளவுதாங்க்கா. கதவுக்குத்தான் இன்னும் இருக்கு."

வெளியே கருணாம்பாள் தமயந்தியின் கதவுக்கும் ஒரு நிறம் அடித்துவிடலாம் என்றாள். அது போதாது என்றாள் நசீமா. எந்த நிறத்துக்குள் யார் நுழைகிறார்கள் என்று கேட்டுக்கு வெளியே நின்று ஒரு மாலை பார்த்தால் போதும். விடியலில் வீடு எங்கே மாறினாலும் நிறம் கூடவே வரும். பன்னிரண்டும் ஒரே நிறமாக வேண்டும்.

"அப்படின்னா பழையபடி தேடிக்கிட்டே கெடக்கணும்" என்றான் லாரன்ஸ். "ஒரு ஆளுக்காக அத்தன பேரும் கண்ணக் கட்டிக்கிட்டு நடக்கணுமாக்கும்? ரெண்டு ஷிப்ட் மிதிச்சுட்டு வாறவனுக்கு ஒரு செவப்புக் கதவு தெரியக் கூடாதா? நான் கெட்டவன் இல்ல, நசீமா. எனக்கு முடியல."

அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் முடியாமல்தான் இருந்தது.

ஸ்டெல்லா குடத்தை இறக்கி வைத்தாள். "அன்னைக்குத் தமயந்தி வீட்டுல ஒரு தட்டுச் சோறு தின்னீங்களே, எந்தக் கலர் கதவப் பாத்துட்டு உள்ள போனீங்க?"

லாரன்ஸ் தன்னுடைய பாதங்களைப் பார்த்தான்.

"மோர்கூடக் கேட்டீங்களாமே" என்றாள் ஸ்டெல்லா.

அவன் போய், கருணாம்பாளின் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே அடுக்கியிருந்த மிச்ச டப்பாக்களை இரண்டிரண்டாகத் தூக்கிவந்தான். எந்த ஒரு நிறமும் பன்னிரண்டு கதவுக்குப் போதாது. ஆகவே கருணாம்பாள் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் கொட்டிக் குச்சியால் கலக்கினாள். மஞ்சளும் பச்சையும் காவியும் ஊதாவும் சிவப்பும் ஒன்றையொன்று விழுங்கி, கடைசியில் சாயத் தண்ணீர் கலந்த நொய்யல் ஆற்றின் நிறத்தில் வந்து நின்றன. "இந்தக் கலருக்குப் பேரே இல்லை கண்ணு" என்றாள் கருணாம்பாள். லாரன்ஸ் தன்னுடைய சிவப்புக் கதவிலிருந்து தொடங்கினான். தமயந்தி பையை உள்ளேயே வைத்துவிட்டு வந்து, ஒரு பழைய பனியன் துணியைச் சுருட்டிப் பக்கெட்டில் முக்கினாள். விளக்குப் போடும் நேரத்துக்குள் பன்னிரண்டு கதவுகளும் ஒன்றாயின. எல்லோருடைய கைகளும் முழங்கை வரை அந்தப் பெயரில்லாத நிறத்தில் இருந்தன. தங்கள் தங்கள் கதவு எது என்று தேடி எல்லோரும் உள்ளே போக நேரமாயிற்று. குழந்தைகள் முதலில் கண்ட கதவுக்குள் போய்த் தூங்கிவிட்டார்கள்.

மறுநாள் விடியலில் வீடுகள் வழக்கம்போல இடம் மாறின. கருணாம்பாள் கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தன் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோகுலநாதன் வந்தபோது எழுந்திருக்கவில்லை, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. நசீமா தன்னுடைய வீட்டுச் சன்னலில் பல் துலக்கிக்கொண்டே அவன் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அன்று காலையில் பிறந்த எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன, அவற்றில் ஒன்றுகூட யாருடைய பெயரையும் சொல்லவில்லை. பால்காரர் பாத்திரங்களைப் பார்த்து ஊற்றிக்கொண்டு போனார். கோகுலநாதன் வாசலிலிருந்து எண்ணிக்கொண்டே போய், நான்காவது கதவைத் தட்டினான். பெயிண்ட் இன்னும் காயாமலிருந்ததால் அவன் விரல் முட்டிகளில் அந்த நிறம் ஒட்டிக்கொண்டது. கதவைத் திறந்த லாரன்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்து, "யாரு வேணும்?" என்றான், அவன் சொன்ன பெயரை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்லி, காது கேளாதவனைப் போல நிதானமாகக் கேட்டுக்கொண்டான். அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது கோகுலநாதனின் முதுகுக்குப் பின்னால், நீல ஓவர்கோட்டும் கண்களை மட்டும் விட்டு முகத்தில் சுற்றிய துப்பட்டாவுமாக, கையில் டிபன் பாத்திரத்தோடு, கறைபடிந்த விரல்களோடு, லைன் வீட்டுப் பெண்கள் வரிசையாக வெளியே போய்க் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். ஸ்டெல்லா தமயந்திக்காகச் சன்னலோர இருக்கையைப் பிடித்து வைத்திருந்தாள். ஆனால் இத்தனை நாட்களாக ஒவ்வொரு நிறுத்தத்திலும் சன்னல் வழியாக வெளியே நிற்கிற முகங்களைப் பார்த்துக்கொண்டே வருகிற தமயந்தி, எல்லோரும் வாய் பிளந்து தூங்குகிற அந்தப் பஸ்ஸில் ஒருநாளும் கண்ணயராத தமயந்தி, உட்கார்ந்து டிபன் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டவள், பஸ் பேக்கரி முனையில் திரும்புவதற்குள், ஸ்டெல்லாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.